கோர்ட் டிகிரி கையில், பணம் எங்கே? அறுவடைக்கு முன்னால் இதைப் பாருங்கள்!

பாக்கியைத் தராமல் உங்களை ஏமாற்றியவரை சிவில் ஜெயிலில் தள்ளினால், உள்ளே அவர் சாப்பிடும் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டியது யார்? நீங்கள்தான்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சாப்பாட்டுப் பணத்தை, அதாவது படிப்பணத்தை, கட்ட மறந்தால் ஆளை வெளியே விட்டுவிடுவார்கள். இதைக் கேட்டே கடுப்பானவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

வலங்கைமான் பக்கம் ஒருவர் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய விவசாயி 60,000 ரூபாய் பாக்கி. “தை பிறக்கட்டும், தந்துடுறேன்” என்றே வருஷங்கள் ஓடின. மெஷின்காரர் முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டார், ஜெயித்தார், டிகிரியும், அதாவது பணத்தைத் தரச் சொல்லும் தீர்ப்பாணையும், வந்தது. பணம் மட்டும் வரவில்லை.

கோர்ட் தானாகப் போய் வசூல் செய்து தராது. நீங்கள்தான் இ.பி., அதாவது நிறைவேற்று மனு, போட வேண்டும். 12 வருஷம் டைம் இருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

எதை ஜப்தி செய்யலாம்? உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தாலி இதிலெல்லாம் கை வைக்க முடியாது. விவசாயி குடியிருக்கும் வீடு, ஏர் மாடு, விதைநெல்லுக்கும் பாதுகாப்பு உண்டு. பொழுது சாய்ந்தபின் அமீனா, அதாவது ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர், வீட்டுக்குள் நுழையவும் கூடாது.

“அப்புறம் என்னதான் மிச்சம்?” என்கிறீர்களா? வயலைப் பாருங்கள்!

(திரையில்: கதிர் முற்றிய சம்பா வயல்)

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வேர் மண்ணுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நிற்கிற பயிர் அசையும் சொத்து! அதை ஜப்தி செய்ய அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 21-ல் தனி விதியே உண்டு. வாரண்ட் நகலை அந்த வயலிலேயே ஒட்ட வேண்டும். அறுத்துவிட்டார்களா? அப்போது களத்தில் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் வைக்கோல் போரில். ஆமாம், வைக்கோல் போரில் கோர்ட் நோட்டீஸ்! இன்னொரு நகல் பாக்கி வைத்தவர் வீட்டு வாசற்கதவில். 1908-ல் எழுதிய சட்டம் களத்தையும் போரையும் மறக்கவில்லை. மெஷின் அறுவடை வந்தபின் நம்மூரில்தான் போரடிக்கும் களத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

மனுவில் ஒரு விவரம் கட்டாயம்: பயிர் எப்போது அறுவடைக்கு வரும் என்று எழுத வேண்டும். குறுவையா, சம்பாவா, தாளடியா என்று வக்கீலிடம் தெளிவாகச் சொல்லுங்கள். விளைச்சலில் ஒரு பகுதிக்கு அரசு விலக்கு தர சட்டத்தில் இடம் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டதா? கவலை வேண்டாம். நெல் பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறும். அந்தக் கணக்கை முடக்கவும் மனு போடலாம். கணக்கு எந்த வங்கியில் என்று தெரியாவிட்டால், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லி கோர்ட்டில் கேளுங்கள். அந்த உத்தரவை மீறினாலே 3 மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

சரி, ஜெயில். பெண்களைப் பணக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. 5,000 ரூபாய்க்கு மேல் பாக்கி என்றால் அதிகபட்சம் 3 மாதம். கையில் இல்லாதவரை உள்ளே தள்ள முடியாது. வசதி இருந்தும் கொடுக்க மறுக்கிறார் என்று காட்ட வேண்டும். 1980-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு இதை உறுதி செய்தது. ஜெயிலுக்குப் போய் வந்தாலும் கடன் தீராது, ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது கிடையாது. என்னைக் கேட்டால் படிப்பணம் கட்டுவதைவிட சம்பா முற்றும்வரை காத்திருப்பேன்.

உங்கள் இ.பி. எந்தக் கோர்ட்டில், எத்தனை வருஷமாக நிற்கிறது? பெயர் போடாமல் கமெண்டில் எழுதுங்கள். செக் பவுன்ஸ் கேஸ் அடுத்த வீடியோவில்.