சேர்வரில் லோட் 30, சிபியு சும்மா இருக்கிறது: எங்கே தேடுவது?

அடுத்த கேள்வி தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. கணினி வகுப்பு நடத்தும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார். 25 கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் உபுண்டு, பிள்ளைகளின் ஹோம் ஃபோல்டர்கள் முழுவதும் ஒரே சேர்வரில், என்எப்எஸ் (நெட்வேர்க் வழியாக பைல்களைப் பகிரும் முறை) வழியாக. வகுப்பு தொடங்கி எல்லாரும் ஒன்றாக லொகின் பண்ணியதும் திரைகள் உறைந்துவிடுகின்றன, லொக்கில் 'சேர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்று வருகிறது. சேர்வரைப் பார்த்தால் லோட் 30ஐத் தாண்டி நிற்கிறது, ஆனால் சிபியு 5 சதவீதம்கூட வேலை செய்யவில்லை. என்எப்எஸ் த்ரெட்டை (வேண்டுகோள்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலையாட்கள் மாதிரி) 8இலிருந்து 128 ஆக்கியும் சரிவரவில்லையாம். மவுண்டில் (கம்ப்யூட்டர் அந்த ஃபோல்டரை இணைக்கும் இடம்) சாஃப்ட், எக்ஸ்போர்ட்டில் (சேர்வர் அதைப் பகிரும் இடம்) அசிங்க் போடலாமா அண்ணா என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டையும் போட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்த 30ஐப் பார்ப்போம். லோட் என்றால் சிபியுவின் வேலை என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். லினக்ஸில் அப்படி இல்லை. சிபியுவுக்காகக் காத்திருக்கும் புரோசஸ்களோடு, டிஸ்க்கின் பதிலுக்காக அசைய முடியாமல் நிற்கும் புரோசஸ்களையும் சேர்த்துத்தான் அந்த எண் வருகிறது. டாப் என்ற கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள், நிலையைக் காட்டும் இடத்தில் 'டி' என்ற எழுத்தோடு என்எப்எஸ்டி (அந்த என்எப்எஸ் த்ரெட்டுகளின் பெயர்) வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் லோடில் ஒன்று. த்ரெட்டை 128 ஆக்கினால் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை கூடலாமே தவிர வேலை வேகமாகாது. தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கத் தராசு ஒன்றுதான் இருக்கிறது என்றால், வரிசையை இரண்டாக்கி என்ன பயன்? உங்களுடைய தராசு அந்த ஹார்ட் டிஸ்க் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் நினைப்பது போதாது, அளந்து பார்க்க வேண்டும்.

வகுப்பு தொடங்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் சேர்வரில் ஐஓஸ்டாட் கட்டளையை, எக்ஸ் என்ற விருப்பத்தோடு, ஒரு செக்கனுக்கு ஒரு தடவை காட்டும்படி ஓடவிடுங்கள். பார்க்க வேண்டியது அவெய்ட் என்ற எண் (புதிய பதிப்புகளில் வாசிப்புக்கு ஆர்-அவெய்ட், எழுதுவதற்கு டபிள்யூ-அவெய்ட் என்று இரண்டாக வரும்). ஒரு வேண்டுகோள் முடிய எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. பத்து, இருபது என்றால் சாதாரணம். நூற்றுக்கணக்கில் போய் அங்கேயே நின்றால் குற்றவாளி டிஸ்க்தான், வேறு எங்கும் தேடவேண்டாம். சுழலும் டிஸ்க் ஒன்று, 7200 ஆர்பிஎம் உள்ளது, அங்குமிங்குமாகச் சிதறிய சின்னச் சின்ன வேலைகளை ஒரு செக்கனுக்குச் சுமார் நூறுதான் முடிக்கும். பெரிய பைல் ஒன்றை கொப்பி பண்ணிப் பார்த்துவிட்டு 'டிஸ்க் வேகமாகத்தானே இருக்கிறது' என்று சொல்வது இங்கே உதவாது.

அந்தச் சின்ன வேலைகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் பிரவுசரிலிருந்து. பிள்ளைகள் லொகின் பண்ணியதும் ஃபயர்பொக்ஸோ குரோமோ திறப்பார்கள், அது கேஷ், குக்கி, ஹிஸ்டரி எல்லாவற்றையும் ஹோம் ஃபோல்டருக்குள் எழுதிக்கொண்டே இருக்கும், அதில் ஹிஸ்டரி மாதிரியானவற்றை எழுதும்போது 'டிஸ்க்கில் பதிந்துவிட்டது என்று உறுதி சொல்' என்றும் கேட்கும், வீட்டுக் கம்ப்யூட்டரில் இது தெரியவே தெரியாது, ஆனால் 25 பேரின் எழுத்தும் ஒரே டிஸ்க்கில் வந்து விழும்போது தாங்காது. கேஷை ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்டிஜி கேஷ் ஹோம் என்ற மாறியை, பயனர் பெயரில் ஒரு லோக்கல் ஃபோல்டரைக் காட்டும்படி வையுங்கள், டெப் பொதியாக நிறுவிய பிரவுசர்கள் அதை மதிக்கும், உபுண்டுவில் ஸ்னாப் பொதியாக வரும் ஃபயர்பொக்ஸ் மட்டும் மதிக்காது. காசு செலவில்லாத வேலை, இதை முதலில் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஹோம் ஃபோல்டர்களுக்கு ஒரு எஸ்எஸ்டி. ராமைக் கூட்டுவதைவிட இங்கே அதுதான் பலன் தரும். த்ரெட்டை 32க்கு இறக்கிவிடுங்கள். பேக்கப் ஏதாவது வகுப்பு நேரத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள், ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) இருந்தால் எம்டிஸ்டாட் பைலில் ரீபில்ட் நடக்கிறதா என்றும்.

சரி, சாஃப்ட். ஹார்ட் மவுண்டில் சேர்வர் தாமதித்தால் புரோகிராம் காத்திருக்கும், சேர்வர் பதில் தந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளை செய்த வேலை போகாது. சாஃப்டில் குறிப்பிட்ட தடவை முயன்றுவிட்டுப் பிழை என்று கைவிட்டுவிடும், எழுதிக்கொண்டிருந்த பைல் பாதியில் கெட்டுப்போகலாம். அசிங்க் இன்னும் மோசம். டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்பே 'எழுதிவிட்டேன்' என்று சேர்வர் சொல்லிவிடும். வேகம் கூடும்தான், ஆனால் அந்த இடைவெளியில் கரண்ட் போனால் எழுதாதது போனதுதான், கம்ப்யூட்டரும் எல்லாம் பத்திரம் என்று நம்பிக்கொண்டிருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி மழைக்கு நம்ம பக்கத்தில் கரண்ட் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் புரொஜெக்ட் வேலைகளை அந்த நிலைமையில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

அவெய்ட் குறைவாக இருந்தும் திரைகள் உறைந்தால் அப்புறம் நெட்வேர்க். கிளையன்ட் கம்ப்யூட்டரில் என்எப்எஸ்ஸ்டாட் ஓடவிட்டு ரிட்ரான்ஸ் (திரும்ப அனுப்ப வேண்டி வந்த வேண்டுகோள்கள்) எண் ஏறுகிறதா பாருங்கள். சேர்வரில் ஈதிடூல் கட்டளை போட்டு நெட்வேர்க் வேகம் 1000 (மெகாபிட்) என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பாருங்கள். கேபிளில் நாலு சோடியும் சரியாக இருந்தால்தான் 1000 வரும், ஒரு சோடி போனால் பல நேரம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், அப்போது 25 பேருக்கும் சேர்த்து ஒரு செக்கனுக்கு 12 எம்பிகூடக் கிடைக்காது. ஈரம் கூடிய இடம், கனெக்டரின் உலோக முனைகள் கறுத்திருக்கிறதா என்றும் கழற்றிப் பாருங்கள். அவெய்ட், ரிட்ரான்ஸ், கேபிள் வேகம், இந்த மூன்றையும் வகுப்பு நேரத்தில் எடுத்துக் கீழே எழுதுங்கள் தம்பி, பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.