எழுபது ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பாரதி தன் இளமையில் சூட்டிக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று ஷெல்லிதாசன். யாருக்கும் தலைவணங்காத அந்த மனிதர் தன்னைத் தாசன் என்று எழுதிக்கொள்ளச் சம்மதித்த ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி, 1804 முதல் 1810 வரை தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஈட்டன் என்ற விடுதிப் பள்ளியில் படித்தவர். எட்டயபுரத்தை அடுத்த நம் கயத்தாற்றை இப்போது நினைத்துப் பாருங்கள். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனை அங்கே தூக்கிலிட்டார்கள். அந்த நாளில் சென்னையில் ஆளுநராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. இருவருமே ஈட்டன் மாணவர்கள். வெல்லெஸ்லி 1842இல் இறந்தபோது அவர் உடலை அந்தப் பள்ளியின் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆளப் பிறந்தவர்களையும் ஆட்சியை எதிர்த்துப் பாடியவரையும் ஒரே கூரையின் கீழ் வளர்த்த பள்ளி அது. அந்தக் கூரை யாருக்காகப் போடப்பட்டது என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். பிரபுக்களின் பிள்ளைகளுக்காக அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்காக.

ஆறாம் ஹென்றி ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்தின் அரசர் ஆனவர். 1440இல் ஈட்டனுக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தபோது அவருக்கு வயது 18. விண்ட்சர் அரண்மனையில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் ஊர். அங்கே குருமார்கள், பாடகர்கள், 25 ஏழை மாணவர்கள், அவர்களோடு 25 முதிய ஏழைகள் என்று ஓர் அறநிலையத்தை அவர் நிறுவினார். பிறகு வின்செஸ்டர் பள்ளியைப் பார்த்து, மாணவர் எண்ணிக்கையை 70 ஆக உயர்த்தினார். வின்செஸ்டரின் தலைமை ஆசிரியர் வில்லியம் வெயின்ஃப்ளீட்டையே ஈட்டனுக்கு அழைத்து வந்தார். ஈட்டனில் படித்து முடிப்பவர்கள் மேலே போவதற்குக் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியை 1441இல் தொடங்கினார். இலத்தீன் வாசிப்பும் அடிப்படை இலக்கணமும் தேவாலய இசையும் ஓரளவு அறிந்த, வறுமையில் இருக்கும் பிள்ளை என்றால் போதும். உணவு, உடை, தங்குமிடம், கல்வி எல்லாம் இலவசம்.

இந்த அரசர் அந்தப் பிள்ளைகளிடம் எப்படிப் பழகினார் என்பதை அவரை அறிந்த ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகள் யாராவது அரண்மனைப் பக்கம் வந்தால் அரசர் கூப்பிட்டுப் பேசுவார், கையில் காசு கொடுப்பார், "நல்ல பிள்ளைகளாக இருங்கள், சாந்தமாக இருங்கள், சொல்வதைக் கற்றுக்கொள்ளுங்கள், இறைவனின் அடியார்களாக இருங்கள்" என்று சொல்லி அனுப்புவார். அரசவைக்கு அடிக்கடி வராதீர்கள், அங்கே உள்ளவர்களின் நடத்தை உங்களைக் கெடுத்துவிடும் என்றும் எச்சரிப்பாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தப் பள்ளியிலிருந்து பின்னாளில் 20 பிரதமர்கள் வந்தார்கள். அரசவைக்குப் போவதற்கான வாசலாகவே அது மாறிப்போயிற்று.

எப்படி மாறியது? யாரும் ஒரே நாளில் ஏழைகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவில்லை. அரசரின் விதிகளிலேயே ஒரு சிறு இடுக்கு இருந்தது. 70 பேரோடு, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் சிலரும் தங்கள் செலவில் சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம் என்று அவர் அனுமதித்திருந்தார். அவர்கள் ஊருக்குள் வீடு எடுத்துத் தங்கினார்கள். இலத்தீனில் 'ஒப்பிடம்' என்றால் நகரம். அதனால் அவர்களுக்கு ஒப்பிடன்கள் என்று பெயர். பள்ளியின் புகழ் வளர வளர ஒப்பிடன்கள் நூறுகளில் பெருகினார்கள். அரசரின் 70 பேர் தங்கள் சொந்த வீட்டிலேயே சிறுபான்மையினர் ஆனார்கள். அவர்கள் மட்டும் கறுப்பு அங்கி அணிய வேண்டும் என்பது விதி. அங்கி அணிந்தவர்கள் என்பதற்கான இலத்தீன் சொல்லைச் சுருக்கி 'டக்' என்று அவர்களை மற்றவர்கள் அழைத்தார்கள். அன்போடு அழைத்த பெயர் அல்ல அது.

இடையில் பள்ளி பிழைத்ததே பெரிய செய்தி. 1461இல் ஹென்றியின் அரியணை பறிபோனது. நான்காம் எட்வர்ட் இந்தப் பள்ளியை விண்ட்சரில் இருந்த புனித ஜார்ஜ் ஆலயத்தோடு இணைத்துவிட முனைந்தார். பள்ளியின் உடைமைகள் ஆற்றைக் கடந்து அங்கே போயின. அப்போது ஈட்டனின் தலைவராக இருந்த வெஸ்ட்பரி என்ற குருவானவர் அஞ்சாமல் எதிர்ப்புத் தெரிவித்து, போராடிப் பள்ளியைக் காப்பாற்றினார். ஜேன் ஷோர் என்ற எட்வர்டின் காதலிதான் இரக்கப்பட்டுப் பரிந்து பேசினாள் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. கதையில் வருகிற அழகியைவிட, பிடிவாதம் பிடித்த அந்தக் குருவானவருக்கே என் நன்றி.

ஆரம்ப நூற்றாண்டுகளில் பிள்ளைகளின் நாள் எப்படி இருந்தது என்பதற்கு 1560ஆம் ஆண்டின் குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. காலை 5 மணிக்கு மூத்த மாணவன் ஒருவன் 'எழுந்திருங்கள்' என்று இலத்தீனில் குரல் கொடுப்பான். உடை மாற்றிக்கொண்டே எல்லாரும் பிரார்த்தனையை ஓத வேண்டும். படுக்கையை ஒழுங்கு செய்து, இடத்தைக் கூட்ட வேண்டும். அதே ஆண்டில்தான் தேவாலயச் சுவர்களில் இருந்த அழகிய ஓவியங்களைப் புதிய மதக் கொள்கைக்கு ஒவ்வாதவை என்று வெள்ளையடித்து மறைத்தார்கள். அந்த வேலைக்குப் பள்ளியின் நாவிதருக்குக் கூலி கொடுத்ததாகக் கணக்கேட்டில் பதிவு இருக்கிறது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1847இல்தான் ஓவியங்கள் மறுபடி கண்ணில் பட்டன. 1665இல் பிளேக் பரவியபோது புகையிலை நோயைத் தடுக்கும் என்று நம்பி, பையன்கள் தினமும் காலையில் புகைபிடித்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். புகைபிடிக்காத குற்றத்திற்காக வாங்கிய அடியைப் போல வாழ்நாளில் வேறு எப்போதும் வாங்கியதில்லை என்று ஒருவர் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இனி, சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

அரசரின் 70 பேர் தங்கிய இடத்திற்கு நீண்ட அறை என்று பெயர். மாலையில் உள்ளே அடைத்துப் பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள். இரவில் ஆசிரியர் யாரும் உள்ளே இருக்க மாட்டார். குளிர், எலிகள், போதாத உணவு. கறி என்றால் நாள் தவறாமல் ஆட்டிறைச்சிதான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியவனின் கையில் சிறியவன். தன் பிள்ளையை அங்கே அனுப்பத் தாய்மார்கள் அஞ்சினார்கள். இலவச இடங்கள் நிரம்பாமல் காலியாகக் கிடந்த ஆண்டுகளும் உண்டு. யோசித்துப் பாருங்கள், ஏழைக்காக அரசர் வைத்த இடத்தில் ஏழை வர அஞ்சுகிறான்!

சிறியவன் பெரியவனுக்கு ஏவல் செய்வதற்கு 'ஃபேகிங்' என்று பெயர். பெரியவன் மாடிப்படியில் நின்று கூவினால், கீழ் வகுப்புப் பையன்கள் எல்லாரும் ஓட வேண்டும். கடைசியாக வந்து சேர்கிறவனுக்கு வேலை. தேநீர் போடுவது, ரொட்டி வாட்டுவது, கடிதம் கொண்டு போவது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. 1980ஐ ஒட்டித்தான் முற்றிலும் ஒழிந்தது. இந்த ஏவலுக்குப் பணிய மறுத்தவர் ஷெல்லி என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 'பைத்தியக்கார ஷெல்லி' என்று பட்டம் சூட்டி, கும்பலாகக் கூடித் துரத்தினார்கள். பையில் இருந்த புத்தகங்களோடு தனியாக நின்ற அந்த ஒல்லிப் பையனுக்குள் கொடுங்கோன்மை மீது வெறுப்பு வளர்ந்தது. பாரதிக்கு அவரிடம் பிடித்தது எதுவோ, அதன் வேர் இந்த முற்றத்தில் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

1809 முதல் 1834 வரை தலைமை ஆசிரியராக இருந்தவர் ஜான் கீட். உருவத்தில் குள்ளம், பிரம்பை எடுத்தால் ஓயமாட்டார். 1832இல் ஒரே இரவில் ஏறத்தாழ 80 பையன்களைப் பிரம்பால் அடித்தார். அவர் காலத்தில்தான், 1825 பிப்ரவரியில், பிரான்சிஸ் ஆஷ்லி கூப்பர் என்ற சிறுவன் இன்னொருவனோடு விளையாட்டு மைதானத்தில் கைச்சண்டை போட்டான். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்த சண்டை. சுற்றி நின்ற மாணவர்கள் விலக்கிவிடவில்லை. தெம்பு வரட்டும் என்று பிராந்தி ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சிறுவன் அன்று இரவே இறந்தான். ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் குழந்தைகளுக்காகப் பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் ஓயாது போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அவனுடைய அண்ணன். இவற்றையும் பாரம்பரியம் என்றுதான் பலர் பூசி மெழுகுகிறார்கள். ஒரு பிள்ளையை அடிப்பதற்கு எத்தனை நூற்றாண்டுப் பழைமை இருந்தாலும் அது பாரம்பரியம் ஆகாது.

பணம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அரசர் எழுதி வைத்த நிலங்கள் ஏராளம். குத்தகையைப் பழைய குறைந்த வாடகைக்கே விட்டு, ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஒரு பெருந்தொகையை மொத்தமாக வாங்கி, அதைப் பள்ளிக் கணக்கில் சேர்க்காமல் நிர்வாகத்தில் இருந்த குருமார்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். இலவசமாகப் படிக்க வேண்டிய பிள்ளைகளிடமோ இதற்கும் அதற்கும் என்று கட்டணம் வாங்கினார்கள். நம் ஊர் அறக்கட்டளைகளின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1861இல் அமைந்த கிளாரண்டன் ஆணையம் ஈட்டன் உட்பட ஒன்பது பள்ளிகளை விசாரித்து 1864இல் அறிக்கை தந்தது, 1868இல் சட்டம் வந்தது, நிர்வாகம் மாறியது. அதற்கு முன்பே 1840களில் நீண்ட அறையின் அவலத்தைப் போக்கப் புதிய கட்டடம் எழுந்தது. 70 இடங்களுக்கும் போட்டித் தேர்வு வந்தது. அறிவுக்கு மதிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்தத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்வதற்கே செலவு பிடித்த பள்ளி வேண்டியிருந்தது. 'வறுமையுள்ள' என்ற சொல் அங்கேதான் ஓசையின்றி உதிர்ந்தது.

அந்த 70 பேரில் வந்தவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொருளியல் அறிஞர் கெயின்ஸ் அந்த அங்கியை அணிந்தவர். பீகாரின் மோத்திஹாரியில் பிறந்து ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் எழுதிய எரிக் பிளேரும் 1917 முதல் 1921 வரை அதே அங்கியில் இருந்தவர். அங்கி அணியாத பக்கத்திலும் வியப்பு உண்டு. 1949இல் உயிரியலில் 250 பேரில் கடைசி இடம், விஞ்ஞானி ஆகும் எண்ணமே நகைப்புக்கு உரியது என்று ஆசிரியர் எழுதிய ஒரு மாணவன், ஜான் கர்டன், 2012இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த அறிக்கையை அவர் சட்டமிட்டு வைத்திருந்தார். ஆசிரியர்களாகிய நாம் எல்லாரும் ஒரு முறை பார்க்க வேண்டிய காகிதம் அது.

வாடிக்கைகளைப் பற்றிக் கேட்கத்தான் சிலர் வந்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 1717இல் கட்டிய செங்கல் சுவர் ஒன்று அங்கே இருக்கிறது. நீளம் 110 மீட்டர் அளவு. சுவரை ஒட்டிய, ஐந்து மீட்டர் அகலமே உள்ள சேற்றுப் பட்டையில் ஓர் ஆட்டம். ஒரு முனையில் கோல் என்பது ஒரு தோட்டத்துக் கதவு. மறுமுனையில் ஒரு மரம். சுவரோடு சுவராக நசுங்கிப் பந்தை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். நவம்பர் இறுதியில், புனித ஆண்ட்ரூ நாள் ஆட்டத்தில் ஒரு பக்கம் அரசரின் 70 பேரிலிருந்து வந்த அணி. மறுபக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பிடன்களிலிருந்து பொறுக்கியெடுத்த அணி. அந்த ஆட்டத்தில் கடைசியாகக் கோல் விழுந்தது 1909இல். யாரும் வெல்லாத ஆட்டம் என்று வெளியார் சிரிப்பார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. எழுபது பேரின் அணி சுவரில் சாய்ந்து, பெருங்கூட்டத்தின் அணிக்கு இடம் விடாமல் நிற்கிறது. ஆண்டுதோறும் அதே சேற்றில் அதே கணக்கு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூன்றாம் ஜார்ஜின் பிறந்த நாளுக்காக ஜூன் 4 விழா. மலர் சூடிய தொப்பிகளோடு பையன்கள் படகில் எழுந்து நிற்பார்கள். கறுப்பு வால்கோட்டு அவர் மறைவுக்கான துக்க உடை என்பார்கள், அது கட்டுக்கதை. ஆண்டுக்கு மூன்று பருவங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் 'அரை'.

நம் காலத்துக்கு வருவோம். நைஜீரியாவிலிருந்து 1965இல் சேர்ந்து 1969இல் படிப்பை முடித்த டிலிபே ஒன்யேயமா, அங்கே தேர்ச்சிச் சான்றிதழ் பெற்ற முதல் கறுப்பின மாணவர். தான் பட்ட நிறவெறி இழிவுகளை அவர் எழுதியபோது, இனி இங்கே வரக் கூடாது என்று பள்ளி தடுத்தது. 2020இல்தான் தலைமை ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். இன்று அங்கே 1,300க்கும் அதிகமான மாணவர்கள். ஆண்டுக் கட்டணம் 50,000 பவுண்டுக்கும் மேல். கட்டணமே இல்லாமல் படிக்கும் பிள்ளைகளும் நூறு பேர் அளவில் இருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஹென்றி 1471 மே மாதம் லண்டன் கோட்டையில் கொல்லப்பட்டார். ஒவ்வோர் ஆண்டும் மே 21 அன்று, அவர் உயிர் பிரிந்ததாகக் கருதப்படும் இடத்தில் ஈட்டனிலிருந்து அல்லி மலர்களும் கிங்ஸ் கல்லூரியிலிருந்து வெள்ளை ரோஜாக்களும் வைக்கிறார்கள். அவர் திட்டமிட்ட தேவாலயம் இப்போது இருப்பதைவிட மிக நீண்டது. ஆட்சி கவிழ்ந்ததும் வேலை நின்றது. முன்பகுதி மட்டும் முடிந்தது. அந்தப் பெரிய ஆலயம் எதுவரை வந்திருக்கும் என்பதைக் காட்டும் தகடு ஒன்று எதிர்ப்புறக் கட்டடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஈட்டனுக்குப் போகிறவர்கள் கோபுரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். ஆலயத்தின் வாசலில் இறங்கி எதிரே நடந்து, அந்தத் தகட்டின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள்.