மினி காரின் ஓரக் கோடு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் கிட் வாங்கிச் சின்னச் சின்னக் கார்கள் செய்வதில் எனக்குத் தீராத ஆசை. டப்பாவைத் திறந்த அன்றே பெயின்ட் அடிக்கக் கை பரபரக்கும். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் வேலைதான் எனக்கு அதிகம் பிடிக்கும். இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

டாமியா நிறுவனத்தின் மினி கூப்பர் கிட்டை எடுத்துக்கொள்வோம். உண்மையான காரில் 24-ல் ஒரு பங்கு. மூன்று மீட்டர் சொச்சம் நீளமுள்ள கார், இதில் 13 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகள் மான்டி கார்லோ ராலி என்னும் கார்ப் பந்தயத்தை வென்ற மினி இது. சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை.

பாடியைக் கையில் வாங்கியதும் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக்கை வார்த்த அச்சின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு நிற்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. கத்தியின் முதுகால் அதை லேசாகச் சுரண்டிவிட்டு, 600, அப்புறம் 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். எங்காவது பிளாஸ்டிக் குழிந்திருந்தால் பட்டி வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சமன் செய்யலாம். டிங்கரிங் பட்டறையில் பெரிய காருக்குச் செய்வதும் இதே வேலைதான்.

மினியில் ஒரு சிக்கல் உண்டு. 1959-ல் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தகடுகளின் விளிம்பை வெளிப்பக்கம் மடித்து வெல்டிங் செய்யும்படி அமைத்தார். அதனால் உண்மையான காரிலேயே முன்னும் பின்னும் மூலைகளில் நெட்டுக்குத்தாக ஒரு வரப்பு தெரியும். என் முதல் மினியில் பின்மூலையில் இருந்த அந்த வரப்பை அச்சுக்கோடு என்று நினைத்து முழுக்கத் தேய்த்துவிட்டேன். மூலை வழுவழுப்பாக வந்ததில் அன்று அவ்வளவு சந்தோஷம். இரண்டு நாள் கழித்து நிஜக் காரின் படத்தைப் பார்த்தபோதுதான், மினியை மினியாகக் காட்டும் கோட்டையே அழித்துவிட்டேன் என்று புரிந்தது. மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி அந்த வரப்பைத் திரும்ப எழுப்ப ஒரு வாரம் பிடித்தது. இப்போதெல்லாம் காரின் படங்களை நாலு பக்கமும் பார்க்காமல் வாட்டர் பேப்பரைத் தொடுவதில்லை.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம், மேலே பளபளப்புப் பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரணத் தாளின் தடிமன், அதாவது 0.1 மில்லிமீட்டர், வருகிறது என்று வையுங்கள். உண்மையான காரின் பெயின்ட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஆனால் நம் காரை 24 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அது 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு! கதவைச் சுற்றியுள்ள இடுக்கு அதில் தூர்ந்துபோகும். அதனால் கதவு, பானெட், டிக்கி இவற்றின் கோடுகளை ஊசி முனையால் முதலிலேயே கொஞ்சம் ஆழப்படுத்திவிட வேண்டும். அழுத்தாமல், ஒரே திசையில், பத்துத் தடவை இழுத்தால் போதும். ஒரே மூச்சில் ஆழமாகக் கீறப் பார்த்தால் ஊசி வழுக்கிக் கதவின் நடுவே ஓடிவிடும்.

சரி, இனிக் குளியல். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை, தேய்த்த தூள், நம் கைரேகை எதன் மேலும் பெயின்ட் ஒழுங்காகப் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், பாடி வளைந்துவிடும். தானாகக் காயட்டும். துணியால் துடைத்தால் நூல் ஒட்டும். அதன் பிறகு வெறுங்கையால் தொடாமல், உள்பக்கம் கம்பி கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது நல்லது.

பிரைமருக்கு நாள் பார்க்க வேண்டும். சென்னை போன்ற ஊரில் மழைக்காலத்தில் சீக்கிரம் காயும் லாக்கர் வகைப் பெயின்ட்டை அடித்தால், காற்றின் ஈரம் பட்டு மேலே வெள்ளைப் படலம் பூத்துவிடும். வெயில் காய்ந்த நாளாகப் பார்த்துச் சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள். ஏன் சாம்பல் என்றால், பிளாஸ்டிக்கில் ஒளிந்திருந்த கீறலும் பட்டி வைத்த ஓரமும் அந்த நிறத்தில் பளிச்சென்று தெரியும். தெரிந்த இடத்தை மறுபடி தேய்த்து, மறுபடி பிரைமர். எனக்கு மூன்று சுற்றுக்குக் குறைந்து ஒரு காரும் முடிந்ததில்லை. எல்லாம் சரியான பிறகு மேலே வெள்ளைப் பிரைமர் ஒரு பூச்சு. சிவப்பு அப்போதுதான் ஒளியோடு எழும்.

இப்போது காரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பின்மூலையில் அந்த வரப்பு நேராக, மெல்லியதாக நிற்க வேண்டும். நின்றால், சிவப்புப் பெயின்ட் டப்பாவைக் குலுக்கத் தொடங்கலாம்.