வான் பாயமுன் ஒரு மாதிரி

வணக்கம் நேயர்களே. மாரியில் கந்தளாய்க் குளம் வான் பாய்கிறதென்றால் பார்க்கப் போகாதவர் திருகோணமலையில் குறைவு. (1986 ஏப்ரலில் அங்கே உடைந்தது அணைக்கட்டு, அது வேறு கதை.) புதிதாக ஒரு வான், அதாவது குளம் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் கட்டு, கட்டுமுன், அதன் சின்ன மாதிரியில் வெள்ளம் விட்டுப் பார்ப்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

50இல் ஒரு பங்கு மாதிரி என்று வையுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 50இல் ஒன்று. தண்ணீரின் வேகமோ ஏழில் ஒன்றாகத்தான் குறையும். அது உயரத்தின் வர்க்கமூலத்தோடு போவது. அதனால் வினாடிக்கு 1,000 கனமீட்டர் வெள்ளத்துக்கு மாதிரியில் 57 லீட்டர் போதும். ஒரு மணித்தியால வெள்ளம் எட்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

உடனே ஆசை வரும்: 200இல் ஒன்றாகச் செய்தால் செலவு குறையுமே? குறையும்தான். ஆனால் வான்முடிக்கு மேல் 3 மீட்டர் பாயும் தண்ணீர், 50இல் ஒன்றில் 6 சென்ரிமீட்டர். 200இல் ஒன்றில் வெறும் ஒன்றரை. இலையில் துளியை உருண்டையாகப் பிடித்து வைக்கிற மேற்பரப்பு இழுவிசை அங்கே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். 3 சென்ரிமீட்டருக்குக் கீழே எடுத்த அளவை நம்பாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், 3 சென்ரிமீட்டர். மலிவு மாதிரி தருகிற பிழையான விடை, விடையே இல்லாததைவிட மோசம்.

இன்னொன்று, காற்று. தண்ணீரைச் சுருக்கினோம், வளிமண்டல அமுக்கத்தைச் சுருக்கவில்லை. வானின் சரிவில் பதித்த மெல்லிய குழாய் 30 சென்ரிமீட்டர் உறிஞ்சல் காட்டினால், உண்மை அணையில் அது 15 மீட்டர். வளிமண்டலம் மொத்தமே 10 மீட்டர் நீர்தான்! அதற்கு முன்னரே தண்ணீர் ஆவிக் குமிழாகும். குமிழ் நொறுங்கும்போது கொங்கிறீற் அரிபடும். மாதிரியிலோ தண்ணீர் ஒன்றுமறியாததுபோல ஓடும். ஆகவே கண்ணை நம்பாமல் குழாயை வாசிக்க வேண்டும். 1983இல் அமெரிக்காவின் கிளென் கன்யன் அணையில், சுரங்க வானின் உட்பூச்சில் இருந்த சிறு மேடுபள்ளங்களிலிருந்து இந்த அரிப்புத் தொடங்கி, பாறையில் சுமார் 10 மீட்டர் ஆழக் குழியே விழுந்தது. பிறகு காற்றை உள்ளே விடும் தவாளிப்பு வெட்டினார்கள். அவ்வளவு சிறிய மேட்டை எந்த மாதிரியிலும் வைக்க முடியாது.

நேரம் நெருங்குகிறது. கீழ்ப்பக்கத்தில் மணல் பரப்பினால் அரிப்பு எங்கே விழும் என்று தெரியும். பாறையில் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. வான்கதவுகளைத் திறக்கும் ஒழுங்கையும் மாதிரியிலேயே பார்த்துவிடுங்கள்: ஒரு பக்கக் கதவை மட்டும் திறந்தால் சுழி வந்து, வானின் அடியில் நீரின் வேகத்தைத் தணிக்கும் தொட்டிக்குள் கற்களை இழுத்து, அதன் தளத்தை அரைக்கும். வணக்கம்.