காலண்டர் தாளின் பின்பக்கம்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடன் வசூல் செய்கிறவர்களிடமிருந்து வரும் போன்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல், கடன் கொடுப்பதும் கொடுத்ததைத் திரும்பக் கேட்பதும்தான் என் வேலை. ஆக, கேட்கிற பக்கத்தில் இருந்தவன் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிளையில் பீல்டு ஆபீசராக இருந்தேன். ஐ.ஆர்.டி.பி. என்கிற கிராம வளர்ச்சித் திட்டத்தில் எருமை மாட்டுக்கு லோன் கொடுத்துக்கொண்டிருந்த காலம். தவணை நின்றுபோனால் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவோம். கடன் வாங்கியவர் வீட்டு முன்னால் ஜீப்பை நிறுத்த மாட்டோம், கோயில் முன்னால்தான் நிறுத்துவோம். இறங்கி டீக்கடையில் போய், "இன்னார் வீடு எது?" என்று கேட்போம். வீடு எங்களுக்கு நன்றாகவே தெரியும். வங்கிக்காரன் தேடி வந்திருக்கிறான் என்பது ஊருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் கேட்பது. சாயங்காலத்துக்குள் பாதிப் பணமாவது வந்துவிடும். அன்றைக்கு அது சாமர்த்தியம் என்று நினைத்தேன். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இன்றைக்கு ஜீப்புக்கு வேலை இல்லை, போன் வந்துவிட்டது. ஆனால் வித்தை அதேதான். கையில் பணம் இல்லாதவனிடம் பணத்தை எப்படிப் பிடுங்க முடியும்? நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயத்தைத்தான் பிடித்து உலுக்குகிறார்கள்.

முக்கூடலில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அம்மா இருக்கிறார். பீடி சுற்றுகிறவர். மகள் கல்யாணம், அப்புறம் வீட்டுக்காரருக்கு வைத்தியம் என்று இரண்டு இடத்தில் கடன். ஒன்று குழு லோன், இன்னொன்று ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய தனிக்கடன். ரேஷன் கார்டு விஷயமாக ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சொளவை மடியில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தார். போன் சொளவுக்குள்ளேயே, வெட்டி வைத்த இலைக்கு அடியில் கிடந்தது. மணிச்சத்தத்தை அமர்த்தி வைத்திருந்தார். ஆனாலும் அது அதிரும்போதெல்லாம் சொளவில் இருந்த தூள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து ஓரத்துக்குப் போகும். அவர் கையால் ஒதுக்கி நடுவில் விடுவார். நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் ஒன்பது தடவை தூளை ஒதுக்கினார்.

"எடுக்கலையா?" என்றேன்.

"எடுத்தா ஏசுதான் அண்ணாச்சி. எடுக்கலைன்னா மருமவனுக்குப் போட்டு ஏசுதான். அவன் நம்பரு இவனுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னே தெரியலையே!"

எப்படிக் கிடைத்திருக்கும்? லோன் ஃபாரத்தில் 'ரெஃபரன்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் யாரோ ஒருத்தர் நம்பரைச் சொல்லியிருப்போம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாமீன் போட்டவர் வேறு, ரெஃபரன்ஸ் கொடுத்தவர் வேறு. ஜாமீன்தாரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கடனுக்கு அவரும் பொறுப்பு. ரெஃபரன்ஸ்காரருக்கு அந்தக் கடனில் ஒரு பைசா பொறுப்பு கிடையாது.

எனக்கே இது நடந்தது. சொந்தக்காரப் பையன் ஒருவன் பைக் லோனுக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் 6.40-க்குப் போன். நானும் வங்கியில் இருந்தவனாயிற்றே, ரோஷம் வந்து நன்றாகக் கத்திவிட்டேன். மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து வந்தது. அந்த நம்பரைத் தடுத்தேன், மூன்றாவது நம்பரிலிருந்து வந்தது. கடைசியில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, 'நான் கடன் வாங்கியவனும் இல்லை, ஜாமீன்தாரனும் இல்லை, என் எண்ணை எடுத்துவிடுங்கள்' என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரத்தில் நின்றது. என்னுடைய முப்பத்து நாலு வருஷ அனுபவமும் உரத்த குரலும் சாதிக்காததை அந்த நாலு வரி செய்தது.

ஏன் அப்படி என்றால், கூப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள். எங்கேயோ ஒரு கால்சென்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். நம்பரை அவர்கள் அழுத்துவதுகூட இல்லை, இயந்திரமே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் எடுத்த பிறகுதான் ஆளோடு இணைக்கும். நீங்கள் 'ஹலோ ஹலோ' என்று கேட்டும் இரண்டு மூன்று விநாடி ஒன்றும் கேட்காமல் இருக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். நீங்கள் சொன்ன கஷ்டத்தை அந்தப் பிள்ளை எங்கேயும் எழுதி வைக்கப்போவதில்லை. நாளைக்குக் கூப்பிடுவது வேறொருத்தர். வசூலுக்குத் தகுந்த கமிஷன், மாதத்துக்கு ஓர் இலக்கு. மாதக் கடைசியில் போன் கூடுகிறதே, உங்கள் கடன் அன்றைக்குத் திடீரென்று பெருத்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? அவர்கள் கணக்கு முடிகிற நாள் அது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையைத் திருப்பி ஏசாதீர்கள். நம் ஊரில் படித்துவிட்டு வேலை தேடிப் போன பிள்ளையாகக்கூட இருக்கும். அதோடு, அந்தப் பேச்சு அங்கே பதிவாகிறது. நீங்கள் ஏசியது மட்டும் தனியாக ஒலித்தால் கேட்க நன்றாக இருக்காது.

சரி, அந்த அம்மா கதைக்கு வருகிறேன். 'நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள்' என்றேன். நோட்டுக்கு எங்கே போக என்பதுபோல் பார்த்தார். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. கிழித்த தாளை இலைக்கணக்கு எழுத ஓர் ஆணியில் குத்தி வைத்திருந்தார். தேதிதான் முன்பக்கம் அச்சாகி இருக்கிறதே! பின்பக்கம் நேரத்தையும் நம்பரையும் சொன்ன வார்த்தையையும் எழுதினால் போதும். பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதினாள். 'காலை 7.10, ஆம்பிளை, பேர் சொல்லலை, மாமா வேலை பார்க்கிற இடத்துக்கு வருவேன்னு சொன்னான்.' 'ராத்திரி 8.35, பொம்பளை, போலீஸ் அனுப்புவேன்னாங்க.' இருபது நாளில் இருபது தாள்.

அந்த நேரங்களை நான் ஏன் எழுதச் சொன்னேன் என்றால், விதி நேரத்தைத்தான் முதலில் பேசுகிறது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் என்று யாருடைய அந்தரங்கத்திலும் தலையிடக் கூடாது. பேர் சொல்லாமல் மிரட்டிப் போன் செய்யக் கூடாது. குழு லோன் மாதிரி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்குத் தனி விதி, அதில் காலை 9 முதல் மாலை 6 வரைதான். வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடன் இந்த வகையில் வரும். பணம் வாங்குவதும் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு பொது இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ அங்கே நீங்கள் வராமல் இருந்தால்தான் வீட்டுக்கே வரலாம். ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

வசூலுக்கு அமர்த்திய ஏஜென்சி செய்தால் எங்களுக்குத் தெரியாது என்று வங்கி கைகழுவவும் முடியாது. ஏஜெண்டின் செயலுக்கு வங்கிதான் பொறுப்பு.

அப்புறம், கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம். இருபது தாளையும் ஜெராக்ஸ் எடுத்து, மேலே ஒரு பக்கக் கடிதம் வைத்தோம். கடன் எண், எத்தனை தவணை கட்டியாயிற்று, ஏன் நின்றது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், இனி எது சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள். இவ்வளவுதான். 'எவ்வளவு கட்ட முடியும்' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத கடிதம் வெறும் புகார். அது இருந்தால், கடனைத் தீர்க்க நினைக்கிறவர் எழுதிய கடிதம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலும் அதோடு சேர்ந்துவிட்டது, தெரியுமல்லவா? ரசீதும் அதே ஆணிக்குப் போனது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வங்கிகளுக்கும் பெரிய நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். விவரம் கேட்க 14448. பேனா எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, எட்டு.

இனி அந்தப் 'போலீஸ் அனுப்புவேன்' விஷயம். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் வந்து பிடித்துப் போகாது. ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டுமே. செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்குப் போட சட்டம் இருக்கிறது. பொய்ப் பத்திரம் கொடுத்து லோன் வாங்கியிருந்தால் அதுவும் வேறு கதை. அப்படி எதுவும் இல்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸின் சிவப்பு முத்திரையைப் பார்த்து நடுங்க வேண்டாம்.

'லோக் அதாலத்' என்று நோட்டீஸ் வந்தாலும் பலர் பயந்து போய்விடுகிறார்கள். அது வாரண்ட் அல்ல, பேசித் தீர்க்கலாம் வாருங்கள் என்கிற அழைப்பு. உண்மையான நோட்டீஸ்தானா என்பதைப் பாளையங்கோட்டை கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டுத் தைரியமாகப் போங்கள். அங்கே கையெழுத்தானால் அதன்மேல் அப்பீல் கிடையாது, அதனால் தொகையைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

ஆப் லோன் பற்றி இரண்டே வார்த்தை. போட்டோவை வெட்டி ஒட்டி அனுப்புவேன் என்று மிரட்டுகிறவனுக்குப் பணம் கட்டினால் நிற்காது. 1930-க்குப் போன் செய்யுங்கள், அது சைபர் கிரைம் உதவி எண்.

வட்டிக்குக் கொடுக்கிற தனி ஆளைப் பற்றிப் பேசாமல் திருநெல்வேலியில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டித் தொல்லையில் சிக்கிய ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்த்து, நம்மை விட்டுப் போனது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அந்த வாசலில் பையைத் திறந்து காட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. அங்கே போலீஸ்காரர் பையைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-ல் இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது, மூன்று வருஷம் வரை சிறை என்று. இப்படிப்பட்ட ஆளிடம் கடிதம், குறைதீர்ப்பு அதிகாரி எதுவும் எடுபடாது. நேரே போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனசு தாங்கவில்லை, தூக்கம் போய்விட்டது, வேண்டாத நினைப்பு வருகிறது என்றால் 14416-க்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இன்னும் ஒன்று. போனில் பேசுகிறவர் நயமாகப் பேசி, "பாதி கட்டுங்கம்மா, முடிச்சிரலாம், என் ஜிபே நம்பருக்குப் போடுங்க" என்பார். போடவே போடாதீர்கள். பணம் கடன் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், அல்லது கிளையில் கட்டி ரசீது வாங்க வேண்டும். பாதியில் முடித்துக்கொள்வதாக இருந்தால் நிறுவனத்தின் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம். அப்படி முடித்த கடன், நாம் கடன் கட்டிய விதத்தைப் பதிவு செய்யும் சிபில் கணக்கில் 'முழுதாகக் கட்டியது' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அடுத்த லோனுக்குப் போகும்போது இடிக்கும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கு நிறுவனத்திலிருந்து பதில் கடிதம் வந்தது. மன்னிப்பு என்றெல்லாம் அதில் ஒன்றும் இல்லை. தவணையைச் சின்னதாக்கி மாதங்களைக் கூட்டியிருந்தார்கள். வட்டியோடு பார்த்தால் மொத்தத்தில் கூடத்தான் கட்டுகிறார், அதை மறைப்பதற்கில்லை. மருமகனுக்குப் போன் போவது நின்றது. இவருக்கு இன்னும் எப்போதாவது வருகிறது. போன வாரம் நான் அந்த வழியாகப் போகும்போது போன் அடித்தது. இப்போது மணிச்சத்தத்தை அமர்த்துவதில்லை. காதில் வைத்து, "இருங்க சார், தாளும் பேனாவும் எடுத்துக்கிடுதேன். உங்க பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கட் பண்ணிட்டான் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பீடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

வணக்கம்.