போரில் தடை, வேட்டையில் கட்டாயம்: பெரிய மிருகத்துக்கு எந்தச் சன்னம்?

[காட்சி: ஹோர்ட்டன் சமவெளி, ஃபார் இன் வாகனத் தரிப்பிடம். பனிமூட்டம். ஒரு ஆண் மரை வேன் கதவுப் பக்கம் நிற்கிறது.]

இந்த மரையை, அதாவது கடமானைப் பாருங்க. வேனுக்குள்ள தலைய விட்டுப் பாண் தேடுது. நல்லா வளர்ந்த ஆண் மரைன்னா 200 கிலோவைத் தாண்டும். சுமார் 170 வருசத்துக்கு முன்னால, நுவரெலியாவுல குடியிருந்த சாமுவேல் பேக்கர்ங்கிற வெள்ளைக்காரர் இந்தப் புல்வெளியில இதோட பாட்டன் பூட்டன்களை நாய் விட்டு விரட்டினார். கீழ விழுற பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பேருதான். நாய்கள் மரையை ஆத்துக்குள்ள மடக்கினதும், கிட்டப் போய்க் கத்தியால முடிப்பார். துவக்கை யானைக்கும் எருமைக்கும் வச்சிருந்தார்.

அவர்கிட்ட இருந்த ஒரு துவக்கோட பாரம் 21 றாத்தல். அதுல போடுற ஈயச் சன்னம் 4 அவுன்ஸ், அதாவது கால் றாத்தல். கடையில கால் றாத்தல் பாண் வாங்குவோமே, அந்தப் பாரம் அத்தனையும் ஒரே சன்னத்துல! அதே பாரத்துல ஈயத்தை உருண்டையா வார்த்தா, ஒரு நெல்லிக்காய் அளவு வரும்.

பெரிய மிருகம்னா பெரிய சன்னம். அந்தக் காலத்துக் கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கு எங்க தப்பாச்சுங்கிறதுதான் இந்த வீடியோ.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது மலைநாட்டுல யாரையும் வேட்டைக்கு அனுப்புற வீடியோ இல்ல. 1937ல வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மரையைச் சுடுறது குற்றம். இப்ப நம்ம தோட்டங்கள்ல மிருகத்தைக் கொல்றது பெரும்பாலும் ரைபிளும் இல்ல, பன்னிக்குக் கட்டுற சுருக்குக் கம்பி. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு கம்பியில மாட்டின கருஞ்சிறுத்தை சில நாள்லயே செத்துப்போச்சு. அது தனி வீடியோவுக்கான கதை.

[காட்சி: மேசையில் ஒரு தோட்டாவின் குறுக்குவெட்டுப் படம்.]

தோட்டா வேற, சன்னம் வேற. கோது, மருந்து, சன்னம் எல்லாம் சேர்ந்தாத்தான் தோட்டா. சுட்டதும் பறந்து போறது முனையில இருக்கிற சன்னம் மட்டும். அதோட பாரத்தை கிரெயின்ல சொல்வாங்க. 7000 கிரெயின் ஒரு றாத்தல். பேக்கரோட சன்னம் 1750 கிரெயின். இன்னைக்கு மான் வேட்டையில சாதாரணமா ஓடுறது 130லேருந்து 180 கிரெயின். பத்துல ஒரு பங்கு! வேகம் கூடினதால அது போதுமாயிடுச்சு. ஆனா வேகம் கூடினதும் புதுத் தலைவலி ஒண்ணு வந்துச்சு.

ஈயம் மென்மையானது. அத்தனை வேகத்துல குழாய்க்குள்ளயே இழுபட்டுக் கரையும். அதனால மேல செம்புச் சட்டை போட்டாங்க. முனை வரைக்கும் மூடின சட்டைன்னா சன்னம் விரியாது, ஊசி குத்தின மாதிரி பாய்ஞ்சு வெளிய போயிடும். 1890கள்ல கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுதச்சாலையில, .303 துவக்குச் சன்னத்தோட (அந்த எண் குழாயோட விட்டம், அங்குலத்துல) முனையில சட்டையைத் திறந்துவிட்டு ஈயம் தெரியிற மாதிரி செஞ்சாங்க. பட்டதும் காளான் மாதிரி விரியும். மனுசன் மேல இது கொடூரம்னு 1899ல ஹேக் பிரகடனம் போர்ல இதுக்குத் தடை போட்டுச்சு.

வேட்டையில நிலைமை தலைகீழ். இங்கிலாந்துல 1991 மான் சட்டப்படி மெதுமுனை (முனையில ஈயம் தெரியிறது), இல்லாட்டி பொள்ளல்முனை (முனையில குழி இருக்கிறது) சன்னம்தான் போடலாம். முழுச் சட்டை போட்டதுக்குத் தடை. காரணம் லேசானது. ஊசிக்குத்து வாங்கின மான் உடனே விழாது, காட்டுக்குள்ள ஓடிப் போய் ரெண்டு நாள் கிடந்து சாகும்.

அப்ப எவ்வளவு விரியணும்? எல்லாச் சண்டையும் இங்கதான். சீக்கிரமா விரிஞ்சா தோள் எலும்புலயே சிதறிப்போகும், நுரையீரல் வரைக்கும் போகாது. 1946ல ஜான் நோஸ்லர்ங்கிற அமெரிக்கருக்கு இதுதான் நடந்துச்சு. கனடாவுல மூஸ்ங்கிற பெரிய மானைச் சுட்டார். அது சேத்துல புரண்டு, மேலெல்லாம் சேறு காய்ஞ்சு அப்பியிருந்துச்சு. சன்னம் மேலயே உடைஞ்சு போச்சு, உள்ள இறங்கல. வீட்டுக்குப் போய், சட்டைக்கு நடுவுல ஒரு செம்புச் சுவர் வச்சார். முன்பாதி ஈயம் விரியும், பின்பாதி உடையாம உள்ள தள்ளிக்கிட்டுப் போகும். 1948ல ‘பார்ட்டிஷன்’ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்துச்சு. நம்ம மரையும் சேத்துல புரள்ற சாதிதான், அதனாலயே எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

யானை விசயம் முழுக்க வேற. அதோட மண்டை ஓடு தேன்கூடு மாதிரி, உள்ள காத்துப் பொந்துகள். மூளை ரொம்பப் பின்னால இருக்கு. அங்க விரியிற சன்னம் வழியிலயே நின்னுடும், விரியாத கெட்டிச் சன்னம்தான் நேரா போய்ச் சேரும். ஆப்பிரிக்காவுல பெல்ங்கிற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கு மேல யானை சுட்டார். பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் ரைபிள்ல, 173 கிரெயின் கெட்டிச் சன்னத்துல. பேக்கரோட சன்னத்துல பத்துல ஒரு பங்கு! ஆனா பெல் யானையோட மண்டையை ரம்பத்தால அறுத்துப் பார்த்து மூளை இருக்கிற இடத்தைப் படிச்சவர். அந்தப் படிப்பில்லாதவங்களுக்காகத்தான் ஆப்பிரிக்காவுல பல நாடுகள் .375க்குக் குறைஞ்ச துவக்கோட யானைகிட்டப் போகக்கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கு.

[காட்சி: நுவரெலியா, கோல்ஃப் மைதானத்துப் பக்கத்தில் ஒரு பழைய கல்லறை.]

இங்க கிடக்கிறவர் மேஜர் ரோஜர்ஸ். 1,400 யானைக்கு மேல சுட்டார்னு சொல்றாங்க. 1845ல அப்புத்தளையில இடி விழுந்து செத்தார். நம்ம பெருசுங்க இந்தக் கதையைச் சொல்றப்ப, இடி விழுந்த இடத்துல மட்டும் குரல் கொஞ்சம் உயரும்.

பாரத்தை மட்டும் பார்த்துச் சன்னத்தை எடைபோட முடியாது. ஒரே பாரத்துல தடிச்சது ஒண்ணு, ஒல்லியா நீண்டது ஒண்ணு இருந்தா, நீண்டதுதான் ஆழமா இறங்கும். கடப்பாரை இறங்குற ஆழத்துக்குச் சம்மட்டி இறங்குமா? ஒரே துவக்குல சன்னத்தோட தடிப்பு மாறாது, பாரம் கூடினா நீளம்தான் கூடும். அதனாலதான் ஒரே துவக்குக்கு லேசான சன்னம், பாரமான சன்னம்னு ரெண்டு வச்சுக்கிட்டு, பெரிய மிருகத்துக்குப் பாரமானதை எடுக்கிறாங்க.

ஈயத்துக்கு இன்னொரு கெட்ட பேரும் இருக்கு. சிதறின தூள் இறைச்சியில தங்கும், மிச்சத்தைத் தின்ன வர்ற கழுகும் சாகும். காண்டோர் கழுகுகளைக் காப்பாத்தப் போராடின கலிபோர்னியாவுல 2019 ஜூலை 1லேருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. முழுச் செம்புச் சன்னம்தான் மாற்று. உடையாது, பூ மாதிரி நாலாப் பக்கமும் விரியும். ஆனா செம்பு ஈயத்தை விட லேசு, அதே பாரம் வரணும்னா சன்னம் நீளமாகணும். நீண்ட சன்னம் ஆடாம நேரா பறக்க, அது சுழல்ற வேகமும் கூட வேணும். பழைய துவக்குல போட்டா சில நேரம் ஆடிக்கிட்டே போகும்.

கடைசியா ஒரு வாக்குவாதம். சன்னம் உள்ளயே நிக்கணுமா, வெளிய வரணுமா? பேக்கர் வயசான காலத்துல, சன்னம் மறுபக்கத்துத் தோலுக்கு அடியில நிக்கணும், அப்பத்தான் அடி முழுசா மிருகத்துக்குள்ள இறங்கும்னு சொன்னார். என் கட்சி வேற. மறுபக்கமும் ஓட்டை விழுந்தாத்தான் இரத்தம் சொட்டி, போன வழி தெரியும். பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாத காட்டுல அதுதான் பெருசு.

[காட்சி: ஆஸ்திரேலியா, விக்டோரியா மாநிலம். செங்குத்தான மலைச்சரிவு, யூகலிப்டஸ் காடு.]

அப்படிப்பட்ட காடுதான் இது. 1860கள்ல இலங்கையிலேருந்தும் இந்தியாவிலேருந்தும் கப்பல்ல கொண்டுபோன மரைகள் இங்க பெருகிடுச்சு. ஃபார் இன்ல பாண் தேடின நம்மாளுக்குத் தூரத்துச் சொந்தம். இங்க அதைச் சட்டப்படி சுடலாம்: துவக்குக் குழாய் 6.85 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, சன்னம் 130 கிரெயினுக்குக் குறையக்கூடாது. நாய் விட்டு விரட்டவும் அனுமதி உண்டு. பேக்கரோட கத்தியை மட்டும் காணோம்.