பைக் சைடு பேனல் கொம்பு ஒடிந்தால் புதுசு வாங்க வேண்டாம்

(காட்சி: மேசைமேல் சைடு பேனல். பக்கத்தில் ஒடிந்த கொம்பு.)

பாருங்கள் மக்களே, பேனல் முழுசாகத்தான் இருக்கிறது. ஒடிந்தது சுண்டுவிரல் நுனி அளவுள்ள இந்தக் கொம்பு மட்டும். பைக் பிரேமில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள், அதாவது ரப்பர் வளையத்துக்குள், போய் உட்கார வேண்டியது இது. இது இல்லாமல்தான் மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் வழியில், கொட்டுகிற மழையில் என் பேனல் கழன்று ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த ஒரு அண்ணன் வண்டியை நிறுத்தி எடுத்துத் தந்தார். இவ்வளவு சின்னத் துண்டுக்காக ஒரு முழுப் பேனலைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

பசை போட்டேன், இரண்டே நாளில் விட்டுவிட்டது என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் பசைமேல் குற்றமில்லை. எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காமல் ஒட்டியதுதான் காரணம்.

(காட்சி: பேனலின் உள்பக்கம், நெருக்கத்தில்.)

உள்பக்கச் சேற்றைத் துடைத்தால் சின்ன ஆங்கில எழுத்தில் ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ அச்சு தெரியும், இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். பெயிண்ட் அடித்த பேனல், வைசர் எல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ். பெயிண்ட் இல்லாத கறுப்பு உள் மட்கார்டு பெரும்பாலும் பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன். எழுத்து தேய்ந்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் சீவி நல்ல தண்ணீரில் போட்டு, விரலால் அமுக்கிவிடுங்கள். பிபி மேலே மிதந்து வரும், ஏபிஎஸ் மூழ்கும்.

ஏபிஎஸ் என்றால் பாதிக் கவலை விட்டது. அது அசிட்டோனில் கரையும். அசிட்டோன் பறந்ததும் மறுபடியும் பிளாஸ்டிக்காகவே இறுகும். வொர்க்‌ஷாப்பில் கேட்டால் உடைந்த ஏபிஎஸ் துண்டு சும்மாவே தருவார்கள். அதைப் பொடிசாக நறுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தோசைமாவு பதத்தில் இருக்கும். அசிட்டோனுக்காக நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்குவதானால் லேபிளைப் படியுங்கள், அசிட்டோன் இல்லாத வகையும் உண்டு. இதைத் திண்ணையிலோ முற்றத்திலோ வைத்துச் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் கொசுவர்த்திகூட எரியக்கூடாது.

(காட்சி: உப்புத்தாள் தேய்ப்பது.)

உடைந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள், ஏபிஎஸ் அதிலேயே வெடிப்பு விடும். கொம்பு தடிப்பாக இருந்தால் இரு பக்கமும் மெல்லிய ஓட்டை போட்டு ஒரு ஸ்டீல் கம்பித் துண்டைச் செருகுங்கள், இழுவையைக் கம்பி தாங்கும். அப்புறம் பாட்டிலில் கரைத்த ஏபிஎஸ் குழம்பைத் தடவி ஒட்டி, அடியைச் சுற்றி மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. ஒரேயடியாக அப்பினால் உள்ளே குமிழி வந்து பலம் போய்விடும். வெளிப்பக்கம் வழியவிட்டால் பெயிண்ட் போச்சு.

பேனலில் விரிசல் ஓடியிருந்தால், அது முடியும் நுனியில் 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள். விரிசல் அதற்கு மேல் எளிதில் நீளாது. பிறகு உள்பக்கம் மட்டும் பூசினால் போதும்.

கொம்பே தொலைந்துவிட்டால் சூப்பர் குளூவால் புதுசு செய்யலாமா? சூப்பர் குளூ விட்டு மேலே ஆப்பசோடா தூவினால் நொடியில் கல்லாகும், அரத்தால் ராவி வடிவம் கொடுக்கலாம். ஆனால் அது இறுக்கமே தவிர வளையாது, அதிர்வில் தெறித்துவிடும். சின்னப் பள்ளத்தை நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோடா விழுந்ததும் சூடாகிப் புகை வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

பிபி என்றால் சாதாரணப் பசையும் அசிட்டோனும் வேலைக்கு ஆகாது. சால்டரிங் அயனால் உருக்கித்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த இடத்தில் வலை பதித்தால் பலம். அதற்குச் சாதாரண ஸ்டேப்பிள் பின் வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து ஊதி, ஒட்டிய இடத்தையே பிளக்கும். பழைய எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலையை வெட்டிப் பதியுங்கள். அப்புறம், ஹெல்மெட்டில் மட்டும் இந்த வேலை எதுவும் கூடாது. விரிசல் விட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

(காட்சி: விரலால் புஷ்ஷை அமுக்குவது.)

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மாட்டும் முன் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். என்னுடையது காய்ந்து கட்டையாகியிருந்தது, கொம்பு ஒடிந்ததே அதனால்தான். புதுப் புஷ் போட்டு, அதில் கொஞ்சம் சோப்புத்தண்ணீர் தடவி, கொம்புக்கு நேர்மேலே உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். டப்பென்று உட்காரும்.